பூட்டு எந்த மாதிரி?

பில்பாவோவில் மழை ஒரு செய்தி அல்ல.
சான்டுச்சு மேட்டில் வேனை நிறுத்தி
வைப்பரை அணைக்கிறேன்.
இருபது நிமிடம். கைபேசி டாஷ்போர்டு அறைக்குள்.
இன்றைய நாளைத் திரும்ப நடக்கிறேன்,
கதவு கதவாக.

ஏழரை. அடுமனை ஷட்டர், துருவேறிய நாக்கு.
கடைக்காரி நீட்டிய ரொட்டி முனை, கை சுட்டது. நன்றி.
ஒன்பதேகால். சாவியை உள்ளே விட்டுவிட்டு
துண்டோடு படிக்கட்டில் நின்ற கணக்காளர்.
சிரித்தேன், அவரும் சிரித்தார். அதற்கும் நன்றி.
பதினொன்று.

பதினொன்றில் நின்றுவிடுகிறேன்.

பில் புத்தகத்தின் கடைசித் தாளில்
நாளுக்கொரு கோடு,
எரிந்துவிழும் தடவைக்கொரு புள்ளி.
பழைய முறை, லொயோலாவிலிருந்து வந்தது.
வாரம் போகப்போகப் புள்ளி குறைய வேண்டும்.
பதினொரு மணிக்கு நான் யார்மீதும் எரிந்துவிழவில்லை.
அதுதான் உறுத்துகிறது.

மூன்றாம் மாடி. நீதிமன்ற எழுத்தர், இரண்டு போலீஸ்,
வங்கியின் காகிதம், நான்.
உருளையைத் துளைக்க நான்கு நிமிடம்.
உள்ளே அந்தப் பெண் கொடியிலிருந்து
பள்ளிக் காலுறைகளை ஜோடி சேர்த்து எடுத்தாள்,
அவசரமே இல்லாமல்.
என்னிடம் மட்டும் கேட்டாள்:
பழைய சாவியை நான் வைத்துக்கொள்ளலாமா?
இனி எதையும் திறக்காத சாவி.
பர்ஸில் ஜிப் வைத்த அறையில் போட்டாள்.

வியாழன்தோறும் சகோதரி எடுர்னேயிடம் போகிறேன்.
என்னைவிடப் பதினோரு வயது இளையவர்,
முன்பு மெட்ரோவில் டிக்கெட் பரிசோதகர்.
அறிவுரை கிடையாது. கேட்பார், காத்திருப்பார்,
பயணியிடம் கேட்ட பழக்கம்.
போன வாரம் தந்த பகுதி:
அச்சத்தால் கதவை அடைத்துக்கொண்ட சீடர்கள்.
உள்ளே போய் நில்லுங்கள், என்றார்.
நின்றேன். வியர்வை, அணைத்த விளக்கின் திரி வாசனை.
வந்து சொன்னேன்.
பூட்டு எந்த மாதிரி? என்றார்.

கேலியோ என்று நினைத்தேன்.
பிறகு பார்க்கப் போனேன், தொழில் ஆயிற்றே.
கை பருமன் உத்திரக்கட்டை, இரும்புக் கொக்கி இரண்டு.
உள்ளிருந்து போட்டது. வெளியிலிருந்து என் கருவி எதுவும் செல்லாது.
திரும்பினால், நடுவில் அவர்.
எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.
நான் கட்டையைத் தடவிக்கொண்டிருந்தேன்.
கீறல் இல்லை. தூள் இல்லை.
எனக்கு வந்தது பக்தி அல்ல, பொறாமை.

அப்புறம் கையைக் காட்டினார்.
துளை.
எனக்குத் தெரிந்த வேலை.
எத்தனை மில்லிமீட்டர் என்று மனம் தானாக அளந்தது.
அங்கிருந்து எழுந்து ஓடிவிட்டேன்,
அதாவது, கண்ணைத் திறந்துவிட்டேன்.

நாளை பத்து மணிக்கு ஒச்சார்கோவாகா,
மறுபடி எழுத்தர், மறுபடி காகிதம்.
வேன் தவணை இருக்கிறது, மகளின் பல் கம்பி இருக்கிறது.
போவதாக வைத்துப் பார்க்கிறேன்:
நிம்மதி; சற்று நேரத்தில் நாக்கில் பித்தளைத் தூள்.
போகாததாக வைத்துப் பார்க்கிறேன்:
பயம்; அதன் அடியில் எங்கோ ரொட்டி முனையின் சூடு.
ஆனால் நல்லவன் என்று பெயர் வாங்கும் ஆசையும்
இதே சூட்டோடுதானே வரும்?
இருட்டில் இருக்கும்போது முடிவை மாற்றாதே என்பது விதி.
இது இருட்டா, வெறும் மழையா?

நண்பனிடம் பேசுவதுபோல் பேசலாமாம்.
பேசினேன்: உமக்கென்ன,
நீர் கதவைத் தொடாமலே வருவீர்.
பதில் இல்லை. கூரைமேல் மழை.

டாஷ்போர்டு அறைக்குள் கைபேசி அதிர்ந்தது.
தெரியாத எண். குளியலறையில் பையன் மாட்டிக்கொண்டானாம்,
நாலு வயது, தாழ்ப்பாள் உள்பக்கம், அழுகிறானாம்.
நீதிமன்றத்துக்கு இன்னும் எதுவும் எழுதவில்லை.
கோடு மட்டும் இழுத்தேன், புள்ளி வைக்கவில்லை.

அந்த வீட்டு வாசலில்
துளைப்பானை வேனிலேயே விட்டுவிட்டுப் படியேறினேன்.
கதவில் காதை வைத்து
பெயர் என்ன, என்று கேட்டேன்.
அழுகை நின்றது.
யோசிக்கிறான்.